சாணிக்குழிக்கு இரண்டு நிமிட மௌனம்

கருக்கன்களம் ஈஸ்வரமூர்த்தி யாரையும் சட்டென்று நம்பிவிடுகிற ஆள் இல்லை. பால் சொசைட்டியின் அளவை நம்பமாட்டார். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கிற ஊர்ப்பெயரை நம்பமாட்டார். கண்டக்டரிடம் கேட்டு, டிரைவரிடமும் ஒரு தரம் கேட்டுவிட்டுத்தான் ஏறுவார். கஞ்சிக்கோட்டில் ஓர் இரும்பு உருக்காலையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். உலை ஆறிவிட்டது என்று சூப்பர்வைசர் சொன்னதை நம்பிக் கைவைத்தவர்கள் எட்டு விரல், ஒன்பது விரலோடு வீட்டுக்குப் போனார்கள். ஈஸ்வரமூர்த்திக்குப் பத்து விரலும் அப்படியே இருந்தன.

அப்பேர்ப்பட்டவருக்கும் சந்தேகமே இல்லாத விஷயம் ஒன்று இந்த உலகத்தில் இருந்தது. வீட்டுக்கு மேற்கே, மாட்டுக்கொட்டகைக்கும் புளியமரத்துக்கும் நடுவில், மண்ணுக்குள் கிடந்த சாணிக்குழி. சாணியைக் கரைத்து ஊற்றினால் கேஸ் வரும், அடுப்பெரியும் என்று அரசாங்கம் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலத்தில், 1986இல், அவருடைய அப்பா கட்டியது. செங்கல் சுமந்தது பதினான்கு வயது ஈஸ்வரமூர்த்தி. ஆறேழு வருஷம் எரிந்தது. சிலிண்டர் வந்ததும் யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. மேலே மண் மூடி, பூசணிக்கொடி படர்ந்து, குழி இருந்த இடமே மறந்துபோயிற்று.

அந்த இடத்தில்தான் இப்போது வீடு கட்ட வேண்டும். அவருக்கு இல்லை, மகள் செல்வலட்சுமிக்கு. திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போன அவள் கணவன் மூன்று வருஷமாகப் போனை எடுப்பதில்லை. இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு கஞ்சிக்கோட்டில் ஒற்றை அறை வாடகையில் இருக்கிறாள். பகலில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். பஞ்சாயத்து வீட்டுத் திட்டத்தில் ஏழு வருஷம் காத்திருந்து, இந்த வருஷம்தான் அவள் பெயர் மேலே வந்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று. மார்ச் முப்பத்தொன்றுக்குள் அஸ்திவாரம் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் பெயர் மறுபடியும் பட்டியலின் அடிக்குப் போய்விடும். ஈஸ்வரமூர்த்தியிடம் இருந்ததே எட்டு சென்ட் நிலம். தன் வீடும் கொட்டகையும் பக்கத்துக்காரர் நடக்கிற வழியும் போக மிஞ்சியது சாணிக்குழி இருந்த மூலைதான்.

பொங்கல் கழிந்த வாரம் ஜேசிபி வந்தது. ஒரு மணி நேரம் மண்ணை வழித்ததும், பெரிய சட்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி செங்கல் கூரை ஒன்று வெளியே தெரிந்தது. பக்கவாட்டில் ஒரு சதுர ஓட்டை. ஜேசிபி ஓட்டியவர் அதை மொபைலில் படம் பிடித்து, 'இது என்னவாக இருக்கும்?' என்று கேட்டுப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். பக்கத்திலேயே நின்ற ஈஸ்வரமூர்த்தியைக் கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார். ஆனால் துபாயிலிருந்து யாரோ ஒருவர், பட்டாளக்காரர்கள் பதுங்குகிற பங்கர் போலிருக்கிறதே என்று பதில் போட்டார். சாயங்காலத்துக்குள் அது இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பங்கராகிவிட்டது. மூன்றாம் நாள் காலையில் ஜீப் வந்தது.

ஜீப்பின் பக்கவாட்டில் 'போர்நினைவுப் பாதுகாப்பு மிஷன்' என்று எழுதியிருந்தது. இந்த மிஷனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இந்தப் பக்கத்தில் இரண்டாம் உலகப் போர் விட்டுப்போன தடயங்களைத் தேடிப் பாதுகாப்பதற்காக மூன்று வருஷத்துக்கு முன் அரசாங்கம் அமைத்தது. பதினான்கு உத்தியோகம், ஒரு முத்திரை, ஒரு கீதம், ஒரு ஜீப் எல்லாம் முதல் மாதமே வந்துவிட்டன. போர்தான் வரவில்லை. அந்தக் காலத்தில் பட்டாளத்து ரயில்கள் மலைகளுக்கு நடுவே இருக்கிற இந்தக் கணவாய் வழியாகப் போனதுண்டு. இறங்கிச் சண்டை போட்டவர் யாருமில்லை. மிஷன்காரர்களும் சும்மா இருக்கவில்லை. போர் அருங்காட்சியகம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வடக்கே நாலு தடவையும் வெளிநாட்டுக்கு இரண்டு தடவையும் போய்வந்தார்கள். அங்கே நின்று எடுத்துக்கொண்ட படங்களையெல்லாம் மாட்டி, கஞ்சிக்கோட்டில் ஒரு பழைய சிமென்ட் கிடங்கில் தங்கள் அருங்காட்சியகத்தைத் திறந்தும் வைத்திருந்தார்கள்.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் ஸ்பெஷல் ஆபீசர் ராமபத்ரன். கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர், ஓய்வுக்கு இரண்டு வருஷம் பாக்கி. கூடவே ஆராய்ச்சியாளர் மாதுரி, கையில் அளவு டேப்போடு. ராமபத்ரன் செங்கல் கூரையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"இது என்னன்னு தெரியறதா உங்களுக்கு?"

"தெரியுமுங்க. சாணிக்குழிங்க. கோபர் கேஸு. எங்கப்பன் கட்டுனது."

ராமபத்ரன் மாதுரியைப் பார்த்தார். மாதுரி நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"ஏன் இப்படிச் சொல்றேள்? யாராவது சொல்லச் சொன்னாளா?"

"யாருங்க சொல்லோணும்? செங்கல் செமந்ததே நாந்தானுங்க. சந்தேகம்னா அந்த ஓட்டைகிட்ட மோந்து பாருங்க."

ராமபத்ரன் குனிந்து முகர்ந்தார். முகம் ஒரு மாதிரி போயிற்று. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்து, "வெடிமருந்து," என்றார்.

"சார், ஓட்டை வடகிழக்கு பாத்து இருக்கு," என்றாள் மாதுரி.

"பார்த்தேளா! எதிரி பர்மா வழியாக்கும் வரணும். பர்மா எங்கே இருக்கு? வடகிழக்கு. துப்பாக்கி நீட்டற துவாரம்!"

"தென்னமரமும் அக்கட்டத்தானுங்க இருக்குது," என்றார் ஈஸ்வரமூர்த்தி. "சாணித்தண்ணி தென்னைக்குப் போகோணும்னு எங்கம்மா சொன்னாங்க. அதுக்குத்தானுங்க எங்கப்பன் அந்தப் பக்கம் ஓட்டை வெச்சாரு."

மாதுரி, 'தென்னை: கண்காணிப்புக் கோபுரமா?' என்று எழுதினாள். அடுத்த வாரம் வந்த உத்தரவில் தென்னை கண்காணிப்புக் கோபுரமாகவே இருந்தது. அதே உத்தரவு, பங்கரைச் சுற்றி நூறு மீட்டருக்குள் தோண்டுவது, கட்டுவது, இடிப்பது, நினைவிடத்தின் உண்மைத்தன்மை பற்றிச் சந்தேகம் கிளப்புவது ஆகிய நான்கையும் தடை செய்திருந்தது. குழியைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். காவலுக்கு ஒரு செக்யூரிட்டியைப் போட்டார்கள். செல்வலட்சுமி வீட்டுக்காகப் போட்டிருந்த சுண்ணாம்புக் கோடு கயிற்றுக்கு உள்ளே மாட்டிக்கொண்டது.

மனு கொடுக்க ஈஸ்வரமூர்த்தி கஞ்சிக்கோட்டுக்குப் போனார். மிஷனின் ஆபீஸ் அறை கிடங்கின் பின்கட்டில் இருந்தது. அருங்காட்சியகத்தைக் கடக்காமல் அங்கே போக முடியாது. ஆகவே மனு கொடுக்க வருகிற எல்லோரும் டிக்கெட் எடுத்துப் பார்வையாளர் ஆனார்கள். அந்த மாதம் வந்த பார்வையாளர்கள் பதினொரு பேர். ஒன்பது பேர் மனு கொடுக்க வந்தவர்கள், இரண்டு பேர் கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர்கள். 'போர் வரலாற்றில் மக்கள் ஆர்வம் பெருகிவருகிறது' என்று வாசலில் எழுதியிருந்தது.

வாசலில் சகாயம் என்கிற செக்யூரிட்டி இருந்தார். மூணாறு பக்கம் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். தேயிலை பேக்டரியில் வாட்ச்மேனாக இருந்துவிட்டு, ஒரு ஏஜென்சி மூலம் இங்கே வந்தவர்.

"அண்ணே, செருப்ப அங்கன விட்டுருங்க. மொபைலு, குடை எல்லாம் இந்த டப்பாவுல போட்டுருங்க. இந்தப் பாரத்தையும் எழுதிருங்க."

பாரத்தில் பதினேழு கேள்விகள். குடும்பத்தில் யாராவது எதிரிப் படையில் வேலை பார்த்ததுண்டா? இப்போதும் பார்க்கிறார்களா? ஈஸ்வரமூர்த்தி இல்லை, இல்லை என்று எழுதிக்கொண்டே போனார். 'மேலே இல்லை என்று எழுதியதற்கு ஆதாரம் உண்டா?' என்பது பதினேழாவது கேள்வி. அதற்கும் இல்லை என்று எழுதினார்.

"உள்ள போனதும் ரெண்டு நிமிசம் மௌனமா நிக்கணும்ணே."

"யாருக்குங்க?"

"அது எழுதலண்ணே. பொதுவா நிக்கச் சொல்லிருக்காக."

பொதுவாக நின்றுவிட்டு உள்ளே போனார். கண்ணாடிப் பெட்டியில் பாதி ஹெல்மெட் இருந்தது. இன்னொரு பெட்டியில் ஒரு ஸ்பூன். அதில் சாப்பிட்டவர் யார் என்பது ஆராய்ச்சியில் இருப்பதாக எழுதியிருந்தது. அடுத்தது 'நிசப்த அறை'. அதில் ஒன்றுமே இல்லை. போர் நடந்த ஆறு வருஷமும் இந்தப் பகுதியில் நிலவிய அமைதியை அப்படியே பாதுகாத்து வைத்திருப்பதாகச் சுவரில் விளக்கம் இருந்தது. கடைசியாக, ஒரு மேஜைமேல் அவருடைய சாணிக்குழி. களிமண்ணில் செய்து வண்ணம் பூசி, உள்ளே துப்பாக்கியோடு ஒரு மீசைக்காரச் சிப்பாயை உட்கார்த்தியிருந்தார்கள். அந்தச் சிப்பாய் எதில் உட்கார்ந்திருக்கிறான் என்பதை நினைத்ததும் ஈஸ்வரமூர்த்திக்குப் பாவமாக இருந்தது.

"ஆதாரம் கொண்டு வாங்கோ," என்றார் ராமபத்ரன் மனுவை வாங்கிக்கொண்டு. "கட்டினவா யாராவது உயிரோட இருந்தா கூட்டிண்டு வாங்கோ. நாங்கள் திறந்த மனசோட ஆக்கும் இருக்கோம்."

திரும்பும்போது செருப்பை எடுத்துக் கொடுத்த சகாயம், சட்டைப் பையிலிருந்து ஒரு பித்தளை வில்லையைக் காட்டினார். தேய்ந்துபோன எண் ஒன்று அதில் இருந்தது. "எங்க தாத்தாவோட அப்பா இது. சண்டை நேரத்துல எஸ்டேட்லேருந்து ஆளுகள அஸ்ஸாமுக்கு ரோடு போடக் கூட்டிட்டுப் போனாகல்ல, அதுல போனவரு. காய்ச்சல்ல செத்துட்டாரு. அவரு கழுத்துல கெடந்த நம்பரு, இதுதான் வந்துச்சு. இத உள்ள வைங்க சார்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"கையில துப்பாக்கி இருந்துச்சான்னு கேட்டாக. மம்பட்டிதான் சார்ன்னேன். அப்ப விவசாய இலாகாவுல போய்க் கேளுன்னுட்டாக."

குழியைக் கட்டிய கொத்தனார் அர்த்தநாரி எலப்புள்ளியில் உயிரோடுதான் இருந்தார், எழுபத்தெட்டு வயதில். ஈஸ்வரமூர்த்தி அவரை ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனார். ராமபத்ரனும் மாதுரியும் எதிரே உட்கார்ந்தார்கள். கேமரா வைத்தார்கள்.

"நாந்தானுங்க கட்டுனது," என்றார் அர்த்தநாரி. "ஒம்பது மூட்டை சிமென்ட்டு. எம்பத்தாறாம் வருசம், தை மாசம். இவங்கப்பாரு கூலிக்கு மேல ஒரு வேட்டியும் எடுத்துக் குடுத்தாருங்க."

"உள்ளே என்ன வைக்கறதுக்குன்னு சொன்னா?"

"சாணிங்க."

"சாணின்னு சொல்லச் சொன்னாளா, சாணியா?"

"சாணிதானுங்க," என்றார் அர்த்தநாரி. ராமபத்ரன் மாதுரியின் பக்கம் திரும்பினார். "மாதுரி, இதை எழுதிக்கோ. இத்தனை வயசாகியும் ரகசியத்தை விடலை. இந்த மனுஷர் வாயிலேருந்து சாணிங்கற வார்த்தையைத் தவிர வேற ஒண்ணும் வரலை. இப்பேர்ப்பட்டவாளைப் பார்க்கறதே புண்ணியம்." எழுந்து ஒரு பொன்னாடையைப் போர்த்தினார். ஆபீசே கைதட்டியது.

ஆட்டோவில் திரும்பும்போது அர்த்தநாரி பொன்னாடையை மடிக்கவே இல்லை. பாதி வழியில் மெதுவாகச் சொன்னார்: "ஈஸ்வரா, உங்கப்பன் கூரைய நெம்பக் கனமா போடச் சொன்னானப்பா. சாணிக்கு எதுக்கு அத்தனை கனம்னு நான் அப்பவே நெனச்சேன்." அடுத்த வாரம் அவர் பங்கர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஈஸ்வரமூர்த்திக்கு முதன்முதலாகத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. அப்பா கட்டியது சாணிக்குழிதானா? அதிகம் பேசாதவர். ராத்திரியில் தோட்டத்தில் உலாத்துவார். ஆதாரம் தேடி வீடு முழுவதும் துழாவி, எதுவும் கிடைக்காமல் கடைசியில் துணி துவைக்கிற கல்லில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும்தான் அந்தக் கல் எது என்று ஞாபகம் வந்தது. கடப்பாரையால் கல்லைப் புரட்டிப் போட்டார். அடிப்பக்கத்தில் எழுத்து இருந்தது: 'சாண எரிவாயுக் கலன், திறப்பு விழா, 12-2-1986.' அன்றைக்கு வந்து திறந்து வைத்த அதிகாரியின் பெயர்கூட இருந்தது. ஈஸ்வரமூர்த்திக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பாவிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

நாலு பேர் சேர்ந்து தூக்கிக் கல்லை மிஷனில் இறக்கினார்கள். ராமபத்ரன் அதை வெகுநேரம் பார்த்தார்.

"எண்பத்தாறுன்னு இருக்கே சார்ங்க. அப்பவே சண்டை முடிஞ்சு நாப்பது வருசம் ஆச்சுங்க," என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"யுத்தம் முடிஞ்சுதுன்னு உள்ளே இருந்தவாளுக்கு யார் சொன்னா?" என்றார் ராமபத்ரன். "சொன்னதுக்கு ரிக்கார்டு உண்டா? சொல்லலைன்னா அவா நாற்பது வருஷமும் காவல்ல இருந்திருக்கா. வெளியிலே சாணின்னு கல்லை நட்டு, அந்தக் கல்லையும் கவிழ்த்துப் போட்டு, மேலே துணி துவைச்சு... இதைத்தான் உருமறைப்புன்னு சொல்லறது."

கல் மூன்றாவது கண்ணாடிப் பெட்டிக்குள் போயிற்று. மார்ச் பிறக்க மூன்று நாள் இருந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து கைகாலைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்த கணவரை ராமாத்தாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு மாடுகளையும் கறந்து, சொசைட்டிக்குப் பால் கொண்டு போகிறவள். அதிகம் பேசமாட்டாள்.

"ஏனுங்க, நீங்க சொல்லிச் சொல்லி என்ன கண்டீங்க? அது சாணிக்குழிதானுங்களே? சாணியப் போடுங்க. தானா எரியும். எரியறதப் பாத்தும் இல்லேம்பாங்களா?"

ஈஸ்வரமூர்த்தி மனைவியை ஒரு நிமிஷம் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு எழுந்து கூடையை எடுத்தார்.

சகாயத்தைக் குழிக்குக் காவலாக மாற்றியிருந்தார்கள். அவர் உத்தரவுத் தாளை எடுத்து விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். "உள்ளேருந்து எதையும் எடுக்கப்பிடாதுன்னு இருக்கு. உள்ள போடுறதப் பத்தி ஒண்ணும் எழுதலண்ணே. போட்டுக்கங்க." சொன்னதோடு நிற்காமல் ஒரு கூடையைப் பிடித்தும் கொடுத்தார். அக்கம்பக்கத்து மாடுகளின் சாணியும் சேர்ந்தது. மூன்று வாரம் தினமும் காலையில் கரைத்து ஊற்றினார்கள். பழைய குழாயின் வால்வை மாற்றி, விரிசலைச் சிமென்ட் வைத்து அடைத்தார் ஈஸ்வரமூர்த்தி. 'இட உரிமையாளர் தம் செலவில் நினைவிடத்தைச் செப்பனிடுகிறார்' என்று மாதுரி படம் எடுத்துப் போட்டாள்.

மார்ச் இருபத்திரண்டாம் தேதி நினைவிடத் திறப்பு விழா. பந்தல், மைக், ஜில்லாவிலிருந்து பெரிய மனிதர்கள். விருந்தினருக்கு டீ கொடுப்பது இட உரிமையாளரின் உபசாரம் என்று நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லியிருந்தார் ஈஸ்வரமூர்த்தி. பழைய அடுப்பைத் துடைத்து, குழாய் மாட்டி, பால் பாத்திரத்தோடு பந்தலின் ஓரத்தில் காத்திருந்தார்.

ராமபத்ரன் பேசினார். "இந்தப் பிரதேசத்திலே ஒரு குண்டு கூட விழலை. ஏன் விழலை? இந்தப் பங்கர் இருந்ததனாலே. குண்டு விழாததே நமக்குச் சாட்சி. இங்கே ஒருத்தரும் சாகலை. அவ்வளவு திறமையாக் காப்பாத்தியிருக்கா. செத்தவாளுக்கு ஊருக்கு ஊர் நினைவிடம் இருக்கு. சாகாதவாளுக்கு யார் இருக்கா? நம்ம மிஷன் இருக்கு!"

கைதட்டல் ஓய்வதற்குள் ஈஸ்வரமூர்த்தி முன்னால் வந்து வால்வைத் திறந்தார். தீக்குச்சியைக் கிழித்தார். அடுப்பு நீலமாகக் குப்பென்று பிடித்துக்கொண்டது.

"பாத்துக்குங்க எல்லாரும்!" அவர் அடுப்பைக் கையால் காட்டினார். "சாணி கேஸுங்க! பங்கர்ல எங்கயாச்சும் டீ வெக்க முடியுமுங்களா? சொல்லுங்க!"

முன்வரிசையில் இருந்த பெரிய மனிதர் வாயைப் பிளந்தார். ராமபத்ரன் மைக்கைப் பிடித்தபடி சிலையாக நின்றார். ஜெயித்துவிட்டோம் என்று ஈஸ்வரமூர்த்திக்கு நெஞ்சு நிறைந்தது. பந்தல் வாசலில் குழந்தைகளோடு நின்ற செல்வலட்சுமியைத் தேடினார். அவள் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

அப்போது ராமபத்ரன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எண்பது வருஷம்," என்றார். "எண்பது வருஷமா உள்ளே அணையாம இருந்திருக்கு. அணையா ஜோதி!"

பெரிய மனிதர் எழுந்தார். பந்தல் முழுவதும் எழுந்தது. இரண்டு நிமிட மௌனம். அடுப்பில் பால் பொங்கியது. பொங்கி வழிந்து, அடுப்பெல்லாம் சீறியது. மௌனத்தின் நடுவில் யாரும் அசையக் கூடாது என்பதால் ஒருவரும் அதை இறக்கவில்லை. ராமாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மகளின் புது வீட்டில் பொங்க வேண்டிய பால் அது. பந்தலின் ஓரத்தில் சகாயம் மட்டும் பித்தளை வில்லையைக் கைக்குள் வைத்து இறுகப் பொத்திக்கொண்டிருந்தார்.

மறுநாளே பலகை வந்தது. 'அணையா ஜோதி. பார்வை நேரம்: காலை 10 முதல் மாலை 5 வரை. திங்கள் விடுமுறை.' கூட்டம் வர ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

பஞ்சாயத்து ஓவர்சியர் கோபிநாத்துக்கு விஷயம் புரிந்திருந்தது. நல்ல மனுஷர். டீக்கடையில் ஈஸ்வரமூர்த்தியை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஒரு வழி இருக்குங்க. சாணியை நிறுத்துங்க. நான் முப்பதாம் தேதி வர்றேன். நெருப்பு இல்லைன்னா, அது ஜோதியும் இல்லை, ஒண்ணும் இல்லைன்னு நான் எழுதிடறேன். முப்பத்தொண்ணு கல் போட்டுடலாம்."

ஈஸ்வரமூர்த்தி சாணியை நிறுத்தினார். இருபத்தாறாம் தேதி சுடர் விரல் நீளத்துக்குக் குறைந்தது. இருபத்தெட்டில் கொசுவத்தியின் முனை மாதிரி ஆயிற்று. மாதுரி அடிக்கடி வந்து பார்த்துப் போனாள். முகம் வெளுத்திருந்தது.

இருபத்தொன்பதாம் தேதி மத்தியானம் 'பராமரிப்பு இடைவேளை' என்று பலகை மாட்டிப் பார்வையாளர்களை வெளியே அனுப்பினார்கள். ஏதோ நடக்கிறது என்று ஈஸ்வரமூர்த்திக்குப் பட்டது. சகாயம் வழக்கப்படி அவருடைய மொபைலை வாங்கி டப்பாவில் போட்டு டோக்கனும் கொடுத்துவிட்டு, கண்ணால் மட்டும் உள்ளே போகச் சொன்னார்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஜீப் நின்றது. பின்கதவு திறந்து, கொல்லங்கோட்டு மாட்டுப் பண்ணை ஒன்றின் பெயர் எழுதிய சாக்குகள் ஆறு இருந்தன. ஸ்பெஷல் ஆபீசர் ராமபத்ரன் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, முழங்கை வரை சாணியோடு பக்கெட்டில் கரைத்துக்கொண்டிருந்தார். மாதுரி கையுறை போட்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். கட்டியில்லாமல், தண்ணீர் பதம் பார்த்துக் கரைத்திருந்தார் ராமபத்ரன். தெரிந்த கை.

"அப்ப உங்களுக்குத் தெரியுமுங்களா சார்?"

ராமபத்ரன் நிமிர்ந்தார். ஓடவில்லை, மறைக்கவில்லை.

"எங்காத்துலயும் பசு இருந்தது ஈஸ்வரமூர்த்தி. சாணி எது, வெடிமருந்து எதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சேளா? முதல் நாளே என் மூக்கு சொல்லித்து." கையை உதறிக்கொண்டார். "பதினாலு போஸ்ட். மூணு வருஷமா பதினாலு பேர் ஒரு ஸ்பூனைக் காவல் காத்துண்டிருக்கோம். மேலே கேக்கறா, யுத்தம் எங்கேன்னு. யுத்தத்துக்கு நான் எங்கே போவேன்? இந்த ஊருக்கு அது வரலைங்கறது என் தப்பா? இழுத்து மூடிடுவோம்னு கடிதாசு வந்த அன்னிக்குத்தான் உங்க குழியும் மொபைல்ல வந்தது."

"அதுக்கு நான் பொய் சொல்றேன்னு ஆக்கிப்போட்டீங்களே!"

"நான் நம்பறேனா இல்லையாங்கறது விஷயமே இல்லை. நான் நம்பலைன்னு எழுத அந்த ஃபைல்ல எடமில்லை."

இரண்டு மாதமாகத் தனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்திருந்த ஈஸ்வரமூர்த்திக்கு ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. அடுத்த கணம் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ர புள்ளயோட ஊடு சார்ங்க! ஏழு வருசமுங்க!"

ராமபத்ரன் தலையைக் குனிந்துகொண்டார். உண்மையாகவே வெட்கப்பட்ட மாதிரிதான் இருந்தது. பக்கெட்டை விட்டு நகரவில்லை.

முப்பதாம் தேதி ஓவர்சியர் கோபிநாத் வந்தபோது சுடர் ஒரு முழத்துக்கு எரிந்தது. சுற்றிலும் நாற்பது பிள்ளைகள் சல்யூட் அடித்து நின்றார்கள். கோபிநாத்தும் வேறு வழியில்லாமல் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டு, ஈஸ்வரமூர்த்தியின் முகத்தைப் பார்க்காமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முப்பத்தொன்று காலையில் ராமபத்ரன் வீட்டுக்கே வந்தார். கூட மாதுரி, கையில் சுருட்டிய வரைபடம். செல்வலட்சுமியையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

"ராத்திரி பூரா யோசிச்சேன்," என்றார் ராமபத்ரன். "நூறு மீட்டருக்குள்ளே வீடு கட்டப்படாது. ஆனா காட்சிப்பொருள் வைக்கலாம். 'போர்க்காலக் குடும்ப இல்லம்'னு ஒரு காட்சிப்பொருள். அதே சுண்ணாம்புக் கோட்டு மேலே, அதே அளவு. பஞ்சாயத்துல பேசியாச்சு, இன்னிக்கே கல் போட்டா அவா கணக்குல அஸ்திவாரம், எங்க கணக்குல அருங்காட்சியகம். ரெண்டு குழந்தைகளோட நீங்க அதுல இருக்கலாம்மா. எப்பவும் இருக்கலாம்."

மாதுரி வரைபடத்தை விரித்து நிபந்தனைகளைப் படித்தாள். கூரை ஓட்டுக்கூரை. விறகடுப்பு. பார்வை நேரத்தில் மண்ணெண்ணெய் விளக்கு மட்டும். குழந்தைகள் பள்ளிக்கூடம் போகலாம். சனி, ஞாயிறு வீட்டில் தெரிய வேண்டும். முன்பக்கத்துச் சுவர் பார்வையாளர்களுக்காகக் கண்ணாடி. வீட்டுக்காரர் எங்கே என்று யாராவது கேட்டால் பர்மாவுக்குப் போயிருக்கிறார் என்று சொல்ல வேண்டும்.

ஈஸ்வரமூர்த்தி எழுந்தார். "என்ர புள்ளைய ஸ்பூன் மாதிரி பொட்டிக்குள்ள வெக்கறீங்களா? ஒண்ணும் வேண்டாமுங்க, எந்திரிச்சுப் போங்க!"

"அப்பா, இருங்க," என்றாள் செல்வலட்சுமி. வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டாள். ஒவ்வொரு அறையாக விரலை வைத்துப் பார்த்தாள். சமையல் இடம், படுக்கிற இடம், குளியலறை. "அவரு எங்க போனாருன்னு எனக்கே தெரியாதுங்க. பர்மான்னே வெச்சுக்கறேன்."

விரல் கதவில் வந்து நின்றது.

"உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குமுங்களா?"

ராமபத்ரன் மாதுரியைப் பார்த்தார். மாதுரி நிபந்தனைத் தாளைப் புரட்டிப் பார்த்தாள். கொட்டகையில் மாடு ஒன்று கத்தியது.

"அஞ்சு மணிக்கு மேலே போட்டுக்கலாம்," என்றார் ராமபத்ரன்.

செல்வலட்சுமி கை நீட்டிப் பேனாவை வாங்கினாள். ஈஸ்வரமூர்த்தி அவள் கையெழுத்துப் போட்டு முடிக்கிற வரை நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாணி கரைக்கப் போனார்.